இரண்டு பேருக்கு இரண்டு பேர்

மே 9, வியாழன்

விமானம் தரையைத் தொடும் வரை ஜெனோவாவின் கையை நான் விடவில்லை. அவள் முழங்கைக்கு மேலே என் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. "ஏட்டி, கைய அறுத்துக் கைல குடுத்திருப்ப" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்ட், நாய், ஊசி, இடி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன். ஹாஸ்டலில் யாரும் என்னைச் சுகப்பிரியா என்று கூப்பிடுவதில்லை. பயப்பிரியா. அந்தப் பெயரை வைத்தவள் இதே ஜெனோதான். இந்தப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்தவளும் அவள்தான். நிலக்கோட்டையை விட்டு மதுரைக்குப் படிக்க வந்ததே எனக்குப் பெரிய தூரம். இப்போது கம்போடியாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் பல கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்போம், சுவருக்கு வண்ணம் அடிப்போம், ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்குவோம், அங்கோர் கோயில்களைப் பார்ப்போம், திரும்புவோம். அழைத்துவந்திருப்பவர் ரூபன் அண்ணன். கோவில்பட்டிக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, மெதுவாகத்தான் பேசுவார். இங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்தவராம், இந்த ஊர் பாஷை பேசுகிறார்.

விமான நிலையத்திலேயே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "தொலைச்சிட்டு அழுவீங்க. என்கிட்ட இருக்கட்டும்." நல்லதுதான். நான் நிச்சயம் தொலைத்திருப்பேன்.

மே 10, வெள்ளி

வீடு உயரமான மரக்கால்களின் மேல் நிற்கிறது. ஏணி மாதிரி படி. கீழே மாடும், தொட்டிலும், இரண்டு மோட்டார் சைக்கிளும். கழிவறை வீட்டுக்குப் பின்னால். இருட்டுவதற்கு முன்பே போய்வந்துவிட்டேன், இனி விடியும் வரை தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

வீட்டுக்காரம்மா பெயர் சொபீப். எல்லோரும் மிங் என்கிறார்கள். சித்தி என்று அர்த்தமாம். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. எனக்கும் ஜெனோவுக்கும் இந்த வீடு. மிங் எங்களைப் படியேறச் சொல்லி, மேலே வந்ததும் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னவோ சொல்லிச் சிரித்தார். ரூபன் அண்ணன் மொழிபெயர்த்தார்: "காய்ச்சலான்னு கேக்குறாங்க. நீ அந்த நடுக்கம் நடுங்குற."

இரவுச் சாப்பாட்டில் புளிக்கவைத்த மீன். நான் சோற்றை மட்டும் தின்றேன். தூத்துக்குடிக்காரி ஜெனோ மீனைத் தட்டோடு வழித்துவிட்டாள்.

மே 12, ஞாயிறு

மாலையில் ரூபன் அண்ணன் ஒவ்வொரு வீடாக வந்து எங்களோடு கொஞ்ச நேரம் பேசினார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். அப்பா இல்லை, அம்மா பள்ளியில் சத்துணவு சமைக்கிறார், சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்றேன். ஜெனோவுக்கு அம்மா இல்லை, அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார், வளர்த்தது பெரியம்மா. அவளும் மறைக்காமல் சொன்னாள். டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஜெனோ கம்ப்யூட்டர் சயின்ஸ். "கண்ண மூடிட்டு அடிப்பேன்" என்றாள். எனக்கும் ஓரளவு தெரியும்.

இவ்வளவு அக்கறையாக யாரும் என் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் பையனின் அப்பா போலீஸ் ஏட்டு. அவனிடம் அண்ணன் அப்புறம் அதிகம் பேசவில்லையாம். அவன் வருத்தப்பட்டான்.

மே 14, செவ்வாய்

பள்ளி பிடித்திருக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அதனால் எனக்கும் அவர்களிடம் பயமில்லை. நான் ஒரு ஆங்கிலச் சொல் சொன்னால் பதிலுக்கு அவர்கள் மொழியில் ஒன்று சொல்லித் தருகிறார்கள். தௌ என்றால் போ. கொம் என்றால் வேண்டாம், செய்யாதே. கொம் சேர்த்துவிட்டால் எதையும் தடுத்துவிடலாம். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் தடுத்து விளையாடினோம்.

பள்ளி ஆசிரியை ஸ்ரேநீத், மிங்கின் அக்கா மகள். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள். உடைந்த ஆங்கிலம் பேசுகிறாள். எனக்கும் அப்படித்தான் என்பதால் நன்றாகப் புரிகிறது.

மதியம் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது ரூபன் அண்ணனின் போன் அடித்தது. ஏணியில் நின்றவர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். பச்சை வண்ணம் தரை முழுக்க. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தென்னை மரத்துக்குப் பின்னால் போய் நின்று "யெஸ் பாஸ், யெஸ் பாஸ்" என்றார். திரும்பிவந்தபோது சட்டை நனைந்திருந்தது. வெயில் அப்படி.

மே 15, புதன்

மழை. வேறொன்றும் இல்லை.

மே 18, சனி

அங்கோர் பார்த்தோம். எவ்வளவு எழுதினாலும் போதாது. ஒரு நீளச் சுவர் முழுக்கப் பாற்கடல் கடைகிற சிற்பம். ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவே வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். நம் ஊர்க் கதை இத்தனை தூரத்தில் கல்லில் இருப்பதைப் பார்த்ததும் ஜெனோவை இழுத்துவந்து காட்டினேன். மேல் கோபுரத்துக்குப் போகும் படி செங்குத்து. நான் கீழேயே நின்றுவிட்டேன். ஜெனோ உச்சியிலிருந்து கையாட்டினாள்.

பிற்பகலில் திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் ஒரு மண்டபத்துக்குள் ஓடினோம். ரூபன் அண்ணன் கடைசியாக வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைக்குள் வட்ட வட்டமாகத் தழும்புகள் தெரிந்தன. இரண்டிரண்டாக, பக்கத்துப் பக்கத்தில், முதுகு முழுக்க. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"சின்ன வயசுல வெந்நீர் கொட்டிருச்சும்மா" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வெந்நீர் கொட்டியிருக்கிறது. அது அப்படி இருக்காது. ஆனால் எனக்கு என்ன தெரியும்.

மே 19, ஞாயிறு

ஜெனோவையும் என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறார். மற்றவர்கள் செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்புகிறார்கள். நாங்கள் மட்டும் இன்னும் சில வாரம் இருந்து, தாய்லாந்து எல்லைப் பக்கத்தில் ஒரு ஊரில் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை செய்யப்போகிறோம். இந்த ஊர் இளைஞர்களுக்கு டைப்பிங்கும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டுமாம். சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டினால் நல்ல வேலை கிடைக்கும் என்றார்.

ஜெனோ குதித்தாள். நான் "அம்மாகிட்ட கேக்கணும்ணே" என்றேன்.

"நான் பேசிட்டேன்மா" என்றார். "சந்தோஷப்பட்டாங்க."

அம்மாவுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. ஒருவேளை எடுத்திருக்கலாம்.

விசாவை நீட்டிக்க வேண்டும், சிம்மையும் மாற்ற வேண்டும் என்று எங்கள் இருவருடைய போனையும் வாங்கிக்கொண்டார்.

மே 20, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பள்ளியில் ஸ்ரேநீத்திடம் விஷயத்தைச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள். ரூபன் அண்ணன் சொன்ன பெயரைச் சொன்னேன். அவள் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். பிறகு பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொன்னாள்.

அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அந்த ஊரில் உயரமான மதில் வைத்த கட்டடங்கள் இருக்கின்றன. மதில் மேல் முள்கம்பி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. உள்ளே பல நாட்டுப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வெளிநாட்டில் இருப்பவர்களை போனில் ஏமாற்றச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் அடி. கரண்ட் ஷாக். வெளியே விடமாட்டார்கள். "சமையல் வேலைன்னு எங்க ஊர்லேர்ந்து ஒருத்தி போனா. மாடியிலேர்ந்து குதிச்சுத்தான் வெளிய வந்தா. இப்ப நடக்க மாட்டா."

கரண்ட் ஷாக் என்று அவள் சொன்னபோது என் கண்ணுக்கு முன் அந்த வட்டங்கள் வந்தன. இரண்டிரண்டாக.

போலீசில் சொல்லலாமா என்றேன். அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னும் எதுவும் நடக்கவில்லை, யாரிடம் என்ன சொல்வது, சொன்னால் அது யார் காதுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஜெனோவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நீ லிஃப்டுக்கே பயப்படுறவ."

"முதுகுல தழும்பு இருக்கு ஜெனோ."

"அவரு வெந்நீர்னு சொன்னாருல்லா. ஒரு நல்ல மனுசன் நமக்கு ஒரு வழி காட்டுதாரு. ஊர்ல எனக்கு யாரு இருக்கா? பெரியம்மா எப்பம்டா இவ போவான்னு பாத்துட்டு இருக்கு. நீ வேணும்னா போ. நான் வருவேன்னு சொல்லிட்டேன்."

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் லிஃப்டுக்கும் பயப்படுகிறவள்தான். எந்தப் பயம் உண்மை, எது சும்மா என்று எனக்கு எப்போதுமே பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை.

இதை எழுதும்போது மிங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்ரேநீத் சொல்லியிருக்க வேண்டும். என் முழங்காலில் கையை வைத்து, "கொம் தௌ" என்றார். மறுபடியும் சொன்னார். மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

போகாதே.

மே 21, செவ்வாய்

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். போலீஸ்காரர் பையன் பஸ்ஸிலிருந்து கையாட்டினான். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரை ஓடினேன். ரூபன் அண்ணன் பஸ் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் "பத்திரமா போங்க" என்று மட்டும் சொன்னேன்.

கோழை.

நாளை புத்த பௌர்ணமி. ஊரே விகாரைக்குப் போகும். எங்களைக் கூட்டிப்போக வேனும் நாளை காலையில் வருகிறது. சோறு உள்ளே இறங்கவில்லை. மிங் எனக்கு ஒரு வெள்ளை ரவிக்கை எடுத்துக்கொடுத்தார். ஜெனோவுக்கும் ஒன்று.

மே 22, புதன்

வேன் வந்துவிட்டது.

மே 23, வியாழன்

உயிரோடு இருக்கிறோம். இரண்டு பேரும். விகாரைக்குப் பின்னால் பெண் துறவிகள் தங்கும் குடிசையில் இருந்து எழுதுகிறேன். பேனாவை இப்போதுதான் எடுக்கிறேன்.

நேற்றுக் காலை வேனை ஓட்டிவந்தவன் இந்த ஊர்க்காரன் இல்லை. கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். படி இறங்கி வந்த எங்களை ஏற இறங்கப் பார்த்தான். ரூபன் அண்ணன் எங்கள் பெட்டிகளை ஏற்றினார். அப்போது மிங் வேனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். இன்று புனித நாள், என் வீட்டில் தங்கிய பிள்ளைகளை ஆசி வாங்காமல் அனுப்பமாட்டேன், விகாரை போகிற வழியில்தான் இருக்கிறது என்று சொன்னாராம். ரூபன் அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிரைவரிடம் என்னவோ சொன்னார். அவன் எரிச்சலோடு தலையாட்டினான்.

விகாரை வாசல் முழுக்க வெள்ளை உடை. தாமரை மொட்டும் ஊதுபத்தியும் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள். வேனை வேலிக்கு வெளியே நிறுத்தினான். மிங் எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்தார். ஜெனோ கையை உதறினாள்.

"இந்த வெயில்ல யாரு நிப்பா. ஏசில இருக்கேன். நீ போய் எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா."

நான் மட்டும் உள்ளே போனேன். மிங் என்னைச் சன்னதிக்குக் கூட்டிப்போகவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, பின்பக்கமாகப் போய், பிக்குகள் இருக்கும் கட்டடத்துக்குள் தள்ளினார். அங்கே ஸ்ரேநீத் காத்திருந்தாள். வயதான ஒரு பிக்கு பாயில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கயே இரு. இவர் சொன்னா ஊர்ல யாரும் உள்ள வரமாட்டாங்க" என்றாள் ஸ்ரேநீத். பிறகு என் பின்னால் பார்த்தாள். "இன்னொருத்தி எங்க?"

நான் அங்கேயே இருந்திருக்கலாம். சத்தியமாக இருக்கத்தான் நினைத்தேன். கதவுக்குப் பின்னால் மூலையில் போய் உட்கார்ந்தும்விட்டேன். ஜெனோ தானாகவே இறங்கி வந்துவிடுவாள், நான் வராததைப் பார்த்து வேனே கிளம்பாது, யாராவது போய்ச் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். எதுவும் நடக்காது என்று எனக்கே தெரிந்தது. எழுந்தேன். மிங் என் ரவிக்கை ஓரத்தைப் பிடித்தார். "ஜெனோ" என்றேன். விட்டுவிட்டார்.

யாராவது இதைத் தைரியம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தைரியம் எதுவும் வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. கால் மட்டும் நடந்தது.

வேன் கதவைத் திறந்து ஜெனோ பக்கத்தில் உட்கார்ந்தேன். ரூபன் அண்ணன் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பூஜை முடிஞ்சுதாம்மா? கிளம்பலாமா?"

"உங்க முதுகுல இருக்கிறது வெந்நீர் பட்டது இல்லண்ணே."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் டிரைவரின் கண் என்னைப் பார்த்தது.

"சிரிச்சுக்கிட்டே பேசு" என்றார் ரூபன் அண்ணன், அதே மெதுவான குரலில். "இவனுக்குத் தமிழ் தெரியாது. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுக்குவான்."

நான் சிரித்தேன். என் உதடு எப்படி விரிந்தது என்று தெரியவில்லை.

"எங்களை எங்கண்ணே கூட்டிட்டுப் போறீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேக்க."

"என்னட்டி பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் ஜெனோ.

"நீயும் சிரிம்மா" என்றார் அவர். "என் வீட்டுக்காரி தம்பி அங்க உள்ள இருக்கான். மெல்வின். நல்ல வேலைன்னு நம்பி நான்தான் அவனையும் கூட்டிட்டு வந்தேன். வந்த பொறவுதான் என்ன எடம்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரும் உள்ளயே கெடந்தோம். கடைசில, இங்கிலீஷ் தெரிஞ்ச ரெண்டு பேரக் கொண்டா, உங்க ரெண்டு பேரையும் விட்டுருதோம்னாங்க. அவனப் பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன வெளிய அனுப்புனாங்க."

ஜெனோவின் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோய் நின்றது.

"அதுக்கு நாங்களாண்ணே?" என்றேன்.

"உங்களத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். டிரைவரும் சேர்ந்து லேசாகச் சிரித்தான், ஏதோ ஊர்க்கதை என்று நினைத்திருப்பான்.

"எங்கம்மா வருவாங்கண்ணே" என்றேன். "பாஸ்போர்ட் கெடையாது. வழி தெரியாது. மதுரையத் தாண்டினதில்ல. ஆனா வருவாங்க. எங்கூட ஜெனோவையும் சேத்துத்தான் தேடுவாங்க."

விகாரையில் ஓதுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. ரூபன் அண்ணனின் காதோரம் வியர்வை வழிந்து கழுத்துக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெனோவின் தொடை என் தொடையோடு ஒட்டி நடுங்கியது. அவள் நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

அவர் டிரைவரிடம் என்னவோ சொன்னார். வயிற்றைத் தடவிக் காட்டி, வாய்விட்டுச் சிரித்தார். அவன் அலுத்துக்கொண்டு கையை வீசினான். காலடியில் இருந்த பையை எடுத்து, இருக்கைகளுக்கு நடுவே பின்னால் தள்ளினார்.

"இதுல பாஸ்போர்ட், போன் எல்லாம் இருக்கு. வயித்து வலி, கக்கூஸ் போகணும்னு சொல்லியிருக்கேன். எறங்குங்க. ஓடாதீங்க, நடங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"நீங்களும் வாங்கண்ணே."

"நான் எறங்கினா இவனும் எறங்குவான்." பிறகு, "மெல்வின் உள்ள இருக்காம்லா" என்றார்.

இறங்கினோம். நடந்தோம். வேனிலிருந்து வேலி வரை இருந்த அந்தத் தூரத்தை என்னால் எழுத முடியாது. வேலி தாண்டியதும் ஜெனோவுக்குக் கால் மடங்கியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வெள்ளை உடுத்திய பெண்கள் இரண்டு பக்கமும் வந்து எங்களை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியுமா, அல்லது மயங்கி விழுகிற பெண்ணுக்கு உதவினார்களா, இன்னும் தெரியவில்லை.

அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் எங்களை வைத்துப் பூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வேன் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பிறகு டிரைவரின் குரல் முற்றத்தில் கேட்டது. மிங்கின் குரல் அதைவிடச் சத்தமாக. என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஜெனோ என் வாயைத் தன் கையால் பொத்தினாள், நான் அவள் வாயைப் பொத்தினேன். கதவிடுக்கு வழியாகக் காவி உடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அந்த வயதான பிக்கு வாசலில் வந்து நின்றிருந்தார். டிரைவர் பேச்சை நிறுத்தினான்.

வேன் போகும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்த மிங் முதலில் ஜெனோவின் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கஞ்சி கொடுத்தார். ஜெனோ குடிக்கவில்லை. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மே 24, வெள்ளி

புனித யாத்திரை போகும் பெண் துறவிகளின் வண்டியில் எங்களையும் ஏற்றி, ஸ்ரேநீத் தலைநகர் வரை கூட வந்தாள். தூதரகத்தில் விட்டாள். வழியில் வெள்ளை வேன் எது வந்தாலும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். தூதரகத்தில் ஒருவர் தமிழில் "உக்காருங்கம்மா" என்றார். அதைக் கேட்டு ஜெனோ விட்ட அழுகையில் அந்தத் தளத்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் பேசினேன். ரூபன் அண்ணன் அவரிடம் பேசவே இல்லை.

மே 28, செவ்வாய்

வீட்டில் இருக்கிறேன். அம்மா வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாசலில் வண்டி நின்றால் உடம்பு விறைத்துக்கொள்கிறது. பால்காரர் வண்டிதான். தெரிந்தும் விறைக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

ஜெனோ தூத்துக்குடியில் போலீசில் புகார் கொடுத்துவிட்டாள். போன் பண்ணிச் சொன்னாள். அவர் எங்களை இறக்கிவிட்டதைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? யாரும் தேட மாட்டாங்கன்னு பாத்துப் பொறுக்கி எடுத்தவன் அவன். அவன் வராமலே கெடக்கட்டும்."

அவள் கோபத்தில் தப்பில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

வாசலில் ஒரு அக்காவும் ஒரு பையனும் வந்து நின்றார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன். அம்மாதான் பேசினார். அந்த அக்கா பெயர் ஜெபசீலி. ரூபன் அண்ணனின் மனைவி. கூட வந்தது மெல்வின்.

மெல்வின் வந்துவிட்டான்.

என்னைவிட இரண்டு வயது பெரியவனாக இருப்பான், பார்த்தால் தெரியாது, அப்படி வற்றிப்போயிருக்கிறான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. நாற்காலியைச் சுவரோடு தள்ளிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். அப்படி உட்காருவது ஏன் என்று எனக்குப் புரிந்தது. நானும் இப்போது அப்படித்தான்.

"மாமா தானா வந்து கேட்டுல நின்னாரு" என்றான். "ரெண்டு பேரு எங்கன்னு கேட்டாங்க. இல்லன்னாரு. எனக்குக் கை ஒடஞ்சு டைப் அடிக்க முடியாது, சும்மாதான் போட்டு வச்சிருந்தாங்க. இவன வச்சு என்ன செய்யப் போறீங்க, இவன விடுங்க, நான் இருக்கேன், ஓட மாட்டேன்னாரு. ஒருநாள் முழுக்க அவர அடிச்சாங்க. மறுநா என்ன விட்டாங்க. நான் வெளிய வரும்போது அவர உள்ள கூட்டிட்டுப் போறாங்க. பக்கத்துல வந்தப்ப, 'அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லு. நான் என்ன செய்யப் பாத்தேன்னும் சொல்லு'ன்னாரு."

ஜெபசீலி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "போலீசுல அவரப் பத்திக் கேட்டா, ஆள் கடத்துறவனுக்காக யாரு அலைவான்னு சொல்லுதாங்க. அவரு செஞ்சது பாவந்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உங்கள எறக்கி விட்டது உங்க ரெண்டு பேருக்குத்தான தெரியும்."

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எம்பிள்ளைய வித்துட்டு வரப் பாத்தவனுக்கு எம்பிள்ளையே வந்து சாட்சி சொல்லணுமா?"

ஜெபசீலி அக்கா எழுந்து, "வாடா" என்று மெல்வினைக் கூப்பிட்டார். அவன் எழுந்தபோது கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தான். அம்மா அதைப் பார்த்தார்.

"வெயில் தாழப் போங்க" என்றார் அம்மா. "சாப்பிட்டுட்டுப் போங்க."

ஜூன் 18, செவ்வாய்

திண்டுக்கல் போனோம். நான், அம்மா, ஜெபசீலி அக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்துபோன அலைச்சலில் மெல்வினால் மறுபடி பஸ் ஏற முடியவில்லை. ஜெனோவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். பிறகு, "நீ போறதுல எனக்குக் கோவம் இல்லட்டி" என்றாள்.

போலீஸ் அலுவலகத்தில் மாடிக்குப் படி பழுதாகி அடைத்திருந்தார்கள். லிஃப்டில்தான் போக வேண்டும் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார். ஏறினேன்.

அதிகாரி நான் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலம்மா. இது அவர் மேல புகாரா? இல்ல அவரை மீட்டுக் குடுங்கன்னு மனுவா?"

"ரெண்டும்தான் சார். அவர் எங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாரு. அவரே இறக்கியும் விட்டாரு. ரெண்டும் நடந்துச்சு. அவர் வந்தாத்தானே சார் கேஸ் நடத்த முடியும்."

"ரெண்டையும் ஒரே தாள்ல எழுத முடியாதும்மா."

ஜெபசீலி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப ரெண்டு தாள் குடுங்க சார்" என்றேன்.

கொடுத்தார். எழுதினேன். ஒன்றில் புகார், இன்னொன்றில் மனு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.